கம்ப்யூட்டர் கத்தினால் முதலில் சத்தத்தைக் குறையுங்கள்

இரவு 11 மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பின்னால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தது: உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள். நடுநடுவே சைரன் வேறு.

"ஏம்மா, வைரஸ் வந்துடுச்சாம். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் அழிஞ்சிடுமாம். அந்த நம்பருக்குப் பண்ணட்டுமா?"

"பண்ணாதீங்க சித்தப்பா. முதல்ல சத்தத்தைக் குறைங்க."

14 வருடமாக ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். இந்த மாதிரி அழைப்பு வந்தால் நான் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் இதுதான். மவுஸ், கீபோர்டு பேச்செல்லாம் அப்புறம். அந்தச் சத்தம் நிற்கும்வரை எதிரில் இருப்பவர் காதில் எதுவும் ஏறாது. மோசடிக்காரனுக்கும் அது தெரியும், அதனால்தான் சைரனை வைக்கிறான். மியூட் பொத்தானை அழுத்தியதும் சித்தப்பாவின் மூச்சு நிதானமானது போனிலேயே கேட்டது.

சரி, திரையில் இருப்பது என்ன? வெறும் ஓர் இணையப் பக்கம். ஒரு பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்க்க முடியாது. பிரவுசர் அதை ஒரு கூண்டுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறது. நீங்கள் விண்டோஸா மேக்கா, எந்த பிரவுசர், ஐபி முகவரி என்ன, அதை வைத்து ஏறக்குறைய எந்த ஊர் என்பதெல்லாம் எந்தப் பக்கத்துக்கும் சாதாரணமாகத் தெரிகிற விஷயங்கள். அவற்றைப் பெரிய எழுத்தில் போட்டு 'உங்கள் இடம் கண்டறியப்பட்டது' என்று மிரட்டினால் நமக்கு வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். 'ஸ்கேன் நடக்கிறது, 17 வைரஸ்' என்று ஓடும் பச்சைக் கோடு ஒரு கார்ட்டூன் படம். ஒரு தடவை ஒரு மேக் கம்ப்யூட்டரில் சி டிரைவை ஸ்கேன் செய்துகொண்டிருந்தது ஒரு பக்கம். மேக்கில் சி டிரைவே கிடையாது!

இனி அதை மூடும் வேலை. பக்கத்துக்குள் தெரியும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். 'கேன்சல்', 'நோ தேங்க்ஸ்', மூலையில் இருக்கும் பெருக்கல் குறி எல்லாமே அவன் வரைந்த படமாக இருக்கலாம். பெரும்பாலும் அந்தப் பக்கம் முழுத்திரைக்குப் போய் டேப், முகவரிப் பட்டை எல்லாவற்றையும் மறைத்திருக்கும். மவுஸ் அம்புக்குறியையே காணாமல் அடித்திருக்கும். எஸ்கேப் கீயைத் தட்டிவிட்டு விடாமல், இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். தட்டினால் மட்டும் போகாதபடி சில பக்கங்கள் கீபோர்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அழுத்திப் பிடித்தால் விட்டுத்தான் ஆக வேண்டும். பிரவுசரின் மேல்பகுதி தெரிந்ததும் அந்த டேப்பை மூடுங்கள். கன்ட்ரோல் + டபிள்யூ-வும் மூடும்.

மசியவில்லை என்றால் கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட். இந்த மூன்றையும் சேர்த்து அழுத்துவது நேராக விண்டோஸுக்குப் போகும். எந்த இணையப் பக்கத்தாலும் அதை நடுவில் மறிக்க முடியாது. வரும் திரையில் டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் பிரவுசரின் பெயர்மேல் கிளிக் செய்து 'எண்ட் டாஸ்க்'. மேக்காக இருந்தால் ஆப்ஷன் + கமாண்ட் + எஸ்கேப், அப்புறம் 'ஃபோர்ஸ் குவிட்'. எதுவுமே நடக்காவிட்டால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். சேமிக்காத வேலை போகும், மற்றபடி ஒன்றுமில்லை. அணைத்தால் எல்லாம் அழியும் என்று அந்தப் பெண் குரல் சொல்வது, நீங்கள் அணைத்துவிடக் கூடாது என்பதற்காக.

மறுபடி பிரவுசரைத் திறக்கும்போதுதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். 'பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கட்டுமா' என்று அது கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். சித்தப்பா மாதிரி, விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்கும்படி வைத்திருந்தால், முதலில் வைஃபையை அணைத்துவிட்டு பிரவுசரைத் திறங்கள். நெட் இல்லாததால் அந்தப் பக்கம் பெரும்பாலும் எழுந்திருக்காது. டேப்பை மூடிவிட்டு வைஃபையைப் போடுங்கள். சஃபாரியில் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி திறந்தால் பழைய ஜன்னல்கள் வராது.

எதையும் அழுத்தவில்லை, யாரையும் அழைக்கவில்லை, எதுவும் டவுன்லோடு ஆகவில்லை என்றால் கதை இங்கேயே முடிந்தது. மன நிம்மதிக்கு ஒரு குவிக் ஸ்கேன் ஓட்டலாம்.

அடுத்தது, வாரத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வரும் தொல்லை. திரையின் வலது கீழ் மூலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். பிரபலமான ஓர் ஆன்டிவைரஸின் லோகோ, 'உங்கள் சந்தா முடிந்துவிட்டது, 5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது'. அலுவலகத்தில் ஒருவர் இதற்காக மூன்று முறை முழு ஸ்கேன் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒன்றும் இல்லை என்றே வந்திருக்கிறது. ஸ்கேன் பொய் சொல்கிறது, பெட்டிதான் உண்மை என்று முடிவு கட்டி, பணம் கட்டப் போகும்போதுதான் என்னிடம் வந்தார்.

ஸ்கேன் சொன்னது சரி. அங்கே வைரஸ் இல்லை, அவரே கொடுத்த ஒரு அனுமதிதான் இருந்தது. என்றைக்கோ ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது, அழுத்தியிருக்கிறார். அது நோட்டிஃபிகேஷன் அனுப்புவதற்கான அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம் தனக்கு வேண்டியதையெல்லாம் அவர் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியை உற்றுப் பாருங்கள். லோகோவுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் பிரவுசரின் பெயரோ, ஏதாவது ஒரு விநோதமான தள முகவரியோ இருக்கும். ஆன்டிவைரஸ் பிரவுசர் வழியாக வந்து பேசாது.

நீக்குவது சுலபம். பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்து, அங்கே இருக்கும் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன் என்று அடியுங்கள். மெனுக்களின் இடம் வருடா வருடம் மாறுகிறது, தேடுவதுதான் சுருக்கு வழி. குரோமில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போகும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் தூக்குங்கள். அதே இடத்தில், இனி எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று வைக்கும் வசதியும் இருக்கிறது. நான் கைவைக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுவிடுவேன், இதுவரை யாரும் திரும்பக் கேட்டதில்லை. கையோடு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் துணை மென்பொருள்களின் பட்டியலையும் பாருங்கள். நீங்கள் போட்ட நினைவில்லாதது எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

2024 வாக்கில் இருந்து பரவும் ஒரு வகையைத்தான் இப்போது மிகவும் அஞ்சுகிறேன். இதில் சைரன் கிடையாது. 'உங்கள் பிரவுசரில் ஒரு பிழை, சரிசெய்ய மூன்று படிகள்' என்று அடக்கமாக வரும், அல்லது ரோபோ சோதனை போல இருக்கும். முதல் படி, விண்டோஸ் கீ + ஆர், அதாவது கட்டளை அடிக்கும் ரன் பெட்டியைத் திறப்பது. இரண்டாவது, கன்ட்ரோல் + வி, அதாவது ஒட்டுவது. மூன்றாவது, என்டர். நீங்கள் பக்கத்தில் எதையோ கிளிக் செய்த அந்தக் கணத்திலேயே அது ஒரு கட்டளையை காப்பி செய்தவை தங்கும் கிளிப்போர்டில் வைத்திருக்கும். அந்த மூன்று படிகளில், உங்கள் கையாலேயே அதை ஒட்டி ஓட்டிவிடுகிறீர்கள். பிரவுசரின் கூண்டைப் பற்றிச் சொன்னேனே, அதைத் தாண்ட அவனுக்கு உங்கள் விரல் தேவைப்படுகிறது. இதற்குக் கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். மேக்கில், கட்டளைகள் அடிக்கும் டெர்மினலைத் திறக்கச் சொல்லும். ரன் பெட்டியையோ டெர்மினலையோ திறக்கச் சொல்லும் 'ரோபோ சோதனை' எதுவும் உண்மையானது இல்லை, விதிவிலக்கே கிடையாது.

செய்துவிட்டீர்கள் என்றால் உடனே நெட்டைத் துண்டியுங்கள். இந்த வழியில் உள்ளே வருவது பெரும்பாலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும் ரகம். வேறொரு சாதனத்திலிருந்து ஈமெயில் பாஸ்வேர்டை முதலிலும், வங்கியை அடுத்ததாகவும் மாற்றுங்கள். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். குக்கீ என்பது நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சீட்டு, அது போயிருந்தால் பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் போதாது. அப்புறம், ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் நானாக இருந்தால் முக்கியமான கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவேன். அரை நாள் வேலைதான்.

போலி ஆன்டிவைரஸ் என்ற தொழில் புதிதல்ல. 'வின்ஃபிக்ஸர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' போன்ற பெயர்கள் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இவற்றின் பின்னால் இருந்ததாகச் சொல்லி இன்னவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் எஃப்டிசி என்ற வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2012-இல் நீதிமன்றம் விதித்த தொகை 16.3 கோடி டாலர். மேக்கில் வராது என்று மார்தட்டியவர்களுக்கு 2011-இல் 'மேக் டிஃபெண்டர்' வந்தது.

இதைவிட எனக்கு ஆச்சரியம் 2019-இல் வந்த வழக்கு. ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலி இலவசமாக 'உடல்நலப் பரிசோதனை' செய்து கொடுத்தது, கம்ப்யூட்டருக்குத்தான். தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்கிற மாதிரி. அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று குறித்தாலே, ஸ்கேனில் என்ன வந்தாலும் சரி, 'மால்வேர் (கெடுதல் மென்பொருள்) அறிகுறி இருக்கிறது' என்று முடிவு வரும்படி அந்த மென்பொருள் இருந்தது என்பது எஃப்டிசி-யின் குற்றச்சாட்டு. அந்தக் கடையும் மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டன. கம்ப்யூட்டர் மெதுவாக இல்லாமலா ஒருவர் கடைக்கு எடுத்துப் போவார்?

அப்படிப் போலி ஆன்டிவைரஸ் எதையாவது இன்ஸ்டால் செய்திருந்தால் நீக்கும் வழி இது. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' போய், தேதி வரிசைப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்ததெல்லாம் மேலே நிற்கும். அன்இன்ஸ்டால் செய்யும்போது 'பாதுகாப்பு போய்விடும், 70 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்' என்று கெஞ்சும். பெரிய பச்சைப் பொத்தான் பெரும்பாலும் நீக்காமல் வைத்துக்கொள்வதற்கானது, நீக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் ஓரமாக இருக்கும். அப்புறம் விண்டோஸோடு வரும் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் வகைகளுக்குள் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். 15 நிமிடம் போலாகும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர் இலவசம். டவுன்லோடு செய்து 10 நாள் ஆனால் காலாவதியாகிவிடும், அடுத்த முறை புதிதாக எடுக்க வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

அந்த எண்ணை அழைத்தே விட்டவர்களுக்கு இனி. எதிர்முனையில் இருப்பவர் மிகவும் மரியாதையாகப் பேசுவார். தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்வார். அவை நல்ல மென்பொருள்கள்தான், நானே தினமும் அந்த ரகத்தைப் பயன்படுத்துகிறேன். உள்ளே வந்ததும் வித்தை தொடங்கும். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து நூற்றுக்கணக்கான சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி எல்லாம் வைரஸ் என்பார். நல்லபடியாக ஓடும் எந்த விண்டோஸிலும் அவை இருக்கும். நெட்ஸ்டாட் என்று அடித்து வரும் முகவரிகளையெல்லாம் ஹேக்கர்கள் என்பார், அவை உங்கள் பிரவுசரின் சாதாரண இணைப்புகள். ட்ரீ என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஃபோல்டர் பெயர்களைக் கடகடவென்று ஓடவிடும். ஓடி முடிந்ததும் கடைசி வரியில் 'வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுத்து எழுத்தாக விழும். அதைத் தட்டச்சு செய்பவரே அவர்தான். இன்னும் சிலர் உங்கள் கம்ப்யூட்டரின் ரகசிய எண்ணைச் சரியாகச் சொல்கிறேன் பாருங்கள் என்று 888-இல் தொடங்கும் ஒரு நீள எண்ணைப் படிப்பார்கள். அசாக் (assoc) என்ற கட்டளையைப் போட்டால் அந்த எண் திரையிலும் வரும். என் கம்ப்யூட்டரிலும் வரும், எல்லா விண்டோஸிலும் அதே எண்தான்.

இந்தக் கட்டத்தில் 'ஒரு நிமிஷம் சார்' என்று விடைபெற நிற்க வேண்டாம். வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள், போனை வையுங்கள். ரிமோட் மென்பொருளை நீக்குங்கள். கார்டு எண் கொடுத்திருந்தால் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணிலேயே வங்கியை அழையுங்கள். தேடுபொறியில் வங்கியின் எண்ணைத் தேடப் போய் இன்னொரு மோசடிக்காரனிடம் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். கிஃப்ட் கார்டாகக் கொடுத்திருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாமல், அந்தக் கார்டை வெளியிட்ட நிறுவனத்திடம் உடனே சொல்லுங்கள். சில வாரம் கழித்து 'உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று ஒரு போன் வரலாம். அது அதே கும்பல், அல்லது உங்கள் எண்ணை அவர்களிடம் வாங்கியவர்கள்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் நடக்கவில்லை, நல்லவேளை. ஆனால் அந்த வார இறுதியில் நேரில் போனபோது அவர் கேட்டார்: "சரிம்மா, நிஜமாவே வைரஸ் வந்தா அது எப்படித்தான் இருக்கும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு கோப்பு இருக்கிறது. ஐகார் என்ற அமைப்பின் தளத்தில் ஆன்டிவைரஸைச் சோதிப்பதற்கென்றே வைத்திருக்கும் 68 பைட் அளவுள்ள கோப்பு. அதில் வைரஸ் எதுவும் கிடையாது, ஆனால் ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸ் என்றே நினைத்துப் பிடிக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஓர் ஏற்பாடு. வீட்டுக் கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்து பாருங்கள். அலுவலகத்தில் வேண்டாம். நான் ஒரு முறை செய்து, ஐந்தாவது நிமிடம் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்து நின்றார்.

சித்தப்பாவை உட்கார வைத்து அவர் கையாலேயே டவுன்லோடு செய்யச் சொன்னேன். மூலையில் சின்னதாக ஒரு பெட்டி வந்தது, அச்சுறுத்தல் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு வரி, போய்விட்டது. போன் எண் இல்லை, கடிகாரம் இல்லை. தங்கள் எச்சரிக்கைகளில் போன் எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. "இவ்வளவுதானா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

போலி நோட்டிஃபிகேஷனும் அதே மூலையில்தான் வரும் என்பதால் இன்னொன்றும் பழக்கிவிட்டேன். பெட்டியைக் கிளிக் செய்யக் கூடாது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தானே அடித்துத் திறந்து, 'புரொட்டெக்‌ஷன் ஹிஸ்டரி' பார்க்க வேண்டும். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கே பதிவாகியிருக்கும். அங்கே இல்லாதது பொய். நான்கு முறை செய்து காட்டச் சொன்னேன், ஐந்தாவது முறை 'போதும்மா' என்று எழுந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

"ஒரு பெட்டி வந்துச்சும்மா. நான் அதைத் தொடல. ஸ்டார்ட்ல போய்ப் பார்த்தேன், அங்கயும் இருக்கு."

"அப்போ நிஜம்தான் சித்தப்பா. அதுவே பிடிச்சு வெச்சிருக்கும், 'ரிமூவ்' கொடுங்க. எதை டவுன்லோடு பண்ணீங்க?"

"பழைய பாட்டு ஒண்ணு." கொஞ்சம் தயங்கினார். "பாட்டு ஃபைலு பேர் இஎக்ஸ்இ-ன்னு முடியுமாம்மா?"